நட்டநடுவில் ஒரு வாசல்

அந்தக் கம்ப்யூட்டர் என்னிடம் பேசிய முதல் பேச்சே, 'நீ சொல்வது தெரியாத கட்டளை' என்பதுதான். பச்சை எழுத்தில், ஆங்கிலத்தில், ஈவிரக்கம் இல்லாமல் சொன்னது. நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு சுவருக்கு நடு எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அளவுகோலை வைத்துப் பாதியை எண்ணிச் சொல்லிவிடும். ஆபீஸே சுற்றி நின்று வேடிக்கை பார்த்த அந்த மகா இயந்திரத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் விடாமல் கேட்டேன். அதுவும் சளைக்காமல் தெரியாது, தெரியாது என்றது.

எண்பதுகளின் கடைசி அது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டுச் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கட்டட இஞ்சினியரிடம் படம் வரையும் வேலையில் இருந்தேன். ஹாஸ்டலில் தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் நாமக்கல் பஸ், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர். இஞ்சினியர் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் நம் ஆபீஸில் பேப்பர், பென்சில் எல்லாம் கிடையாது, எல்லாப் படமும் கம்ப்யூட்டரில்தான் என்று அறிவித்தார். ஒருநாள் அது வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, திரை நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அறைக்குள் போகவேண்டும் என்று சட்டம் போட்டார். விற்றவன் ஒரே ஒரு நாள் வந்து கோடு போடக் காட்டினான், வட்டம் போடக் காட்டினான், டீ குடித்தான், போய்விட்டான்.

கூட வந்த புத்தகம் தலையணை கனம். அதைக் கொடுங்கள் சார் என்றால், "கிழிஞ்சு போயிடும்மா" என்று வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எப்படி இருக்கிறது கதை! நீச்சல் கற்றுக்கொள், ஆனால் தண்ணீர் அழுக்காகிவிடும் என்பது போல.

எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் இருந்த ஆத்திரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அப்போது எங்கள் அண்ணன் புதுவீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். கோழிப்பண்ணை நன்றாகப் போன காலம். பண்ணைக்கு எதிரே கிழக்குப் பார்த்த இடம். "பிளான் நான் போடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஊரில் வீடு கட்டுகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் பிளானெல்லாம் போடமாட்டார். குச்சியை எடுத்து மண்ணிலேயே கிழித்துக் காட்டுவார். அப்பாவுக்கு அவர்மேல்தான் நம்பிக்கை.

"படம் வேற, ஊடு வேற சாமி" என்றார் அப்பா. "படத்துல மழ பேயாது."

"படத்துல தப்புப் பண்ணா அழிச்சுக்கலாமுங்ப்பா. செவுத்துல பண்ணா அழிக்க முடியுமா?"

அப்பா கோழிக் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டே, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முக்கால்வாசி 'இல்லை' என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம், பொட்டப்புள்ளை சேலத்தில் என்னதான் பண்ணுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வேறு யார் வீட்டுக்கு எத்தனை படம் போட்டு என்ன, என் சொந்த வீட்டில் என் படம் செல்லாது என்றால் நான் படித்தது எதற்கு? இந்த ஒரு வீடு நான் போட்ட படத்தின்படி எழும்ப வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

இஞ்சினியரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. உங்க அண்ணன் வீட்டையே இதுல போட்டுப் பழகிக்கோ" என்றார்.

என் மனதில் படம் தெளிவாக இருந்தது. முன்சுவர், அதன் நட்டநடுவில் வாசல். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒவ்வொரு ஜன்னல். முன்னால் போர்டிகோ, அதற்கு இரண்டு உருண்டைத் தூண். எதிரே நின்று பார்த்தால் வலதும் இடதும் ஒன்றுபோல இருக்கவேண்டும். எல்லாமே அந்த நடுப்புள்ளியைப் பிடித்துத்தான். அதைத்தான் இந்தச் சனியன் காட்டமாட்டேன் என்றது.

முதலில் கண்ணால் பார்த்தே வைத்தேன். திரையில் பார்த்தால் அம்சமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், வாசல் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ஒட்டியிருந்த கோடுகளுக்கு நடுவே எலி போகிற சந்து. நகர்த்தினேன். மறுபடி பெரிதாக்கினேன், இந்தத் தடவை அந்தப் பக்கம் சரிந்திருந்தது. பேப்பர் எவ்வளவோ நல்லது, பென்சில் முனைக்குள் நம் தப்பை மறைத்துக்கொள்ளும். இது பூதக்கண்ணாடியை நம் கையிலேயே கொடுத்து அவமானப்படுத்தியது.

'மிட்' என்று தட்டினால் நடு கிடைக்கும் என்று மட்டும் விற்றவன் போகிறபோக்கில் சொல்லியிருந்தான். தட்டினால் தெரியாத கட்டளை. பெரிய எழுத்தில் தட்டினேன், சின்ன எழுத்தில் தட்டினேன், கோபத்தில் மேசையையும் தட்டினேன். இஞ்சினியர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இதை வாங்கி வெச்சது பொங்கல் வைக்கவா?" என்றார். புத்தகத்தைப் பூட்டி வைத்த மனுஷன் பேசுகிற பேச்சு! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் அது பிடிபட்டதும் ஒரு கைத்தவறினால்தான். கோடு போடுகிற கட்டளையைக் கொடுத்துவிட்டு, எங்கிருந்து ஆரம்பிக்க என்று அது கேட்டுக்கொண்டிருந்தபோது, பழைய எரிச்சலில் 'மிட்' என்று தட்டிவிட்டேன். திட்டவில்லை. 'எதனுடைய?' என்று கேட்டது. திரையில் ஓடும் குறியின் நடுவில் ஒரு குட்டிச் சதுரம் முளைத்தது. சுவர்க்கோட்டை அதனால் தொட்டேன். படக்கென்று போய் நடுவில் நின்றது. நடு எங்கே என்று சும்மா கேட்டால் அதற்குத் தெரியாதாம். ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, அதற்காக நடு வேண்டும் என்று கேட்டால்தான் சொல்லுமாம். இதைச் சொல்ல அந்த விற்றவனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

சந்தோஷம் சாப்பாட்டு நேரம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அளந்து பார்த்தால் வாசல் நடுவிலேயே இல்லை, ஒரு சாண் அளவுக்குத் தள்ளி நின்றது. இயந்திரமே காட்டிய நடு எப்படித் தப்பாகும்? மண்டை காய்ந்துபோய், சரி, எல்லாம் ஒழியட்டும் என்று சுவர்க்கோட்டை அழிக்கப் போனேன். முழுசாக அழியவில்லை. ஓரத்தில் ஒரு முழத் துண்டு குத்துக்கல் மாதிரி அங்கேயே கிடந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவர் முடிய ஒரு முழம் இருக்கையில், அதுவரை போட்டதைப் பதிந்ததும் கரண்ட் போய்விட்டது. வந்தபிறகு விட்ட இடத்திலிருந்து மீதியைப் போட்டிருந்தேன். என் கண்ணுக்கு ஒரே சுவர். அதன் கணக்கில் இரண்டு கோடு. நான் தொட்ட துண்டுக்கு மட்டும் நடு காட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. முழுச்சுவரையும் ஒரே கோடாகப் போட்டேன். கரண்ட்டே, புண்ணியமாகப் போகும், இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று வேண்டிக்கொண்டே போட்டேன்.

அப்புறம் தூண். வட்டத்துக்கு மையம் வேண்டும், 'சென்' என்று தட்டவேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தட்டிவிட்டு வட்டத்தின் நடுவே கொண்டுபோய் வைத்து அமுக்கினேன். மையம் எதுவும் அகப்படவில்லை என்றது. அடப்பாவி, மையத்தின் மேலேயேதானே உட்கார்ந்திருக்கிறேன்! திரும்பத் திரும்ப அங்கேயே அமுக்கி விரல்தான் நொந்தது. வெறுத்துப்போய்க் கையை இழுத்தபோது குட்டிச் சதுரம் வட்டத்தின் ஓரத்தில் இடித்தது, அப்படியே அமுக்கினேன், மையம் கிடைத்தது. மையம் வேண்டுமென்றால் விளிம்பைத் தொடவேண்டுமாம். யார் கண்டார்கள்? எந்த ஊர் நியாயம் இது?

எப்படியோ படம் முடிந்தது. பேனா பிடித்து வரைகிற பிளாட்டர் கரகரவென்று அதைத் தாளில் இறக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை அதைச் சுருட்டி, பஸ்ஸில் யாரையும் இடிக்கவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வந்தார். அப்பா, அண்ணன், அண்ணி எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். படத்தை விரித்து நாலு மூலைக்கும் தீவனக் கிண்ணத்தை வைத்தோம். மேஸ்திரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சுத்தமாத்தானுங்க போட்டிருக்குது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. உடனே, "ஏனுங்க அம்மிணி, வாசக்கால் நட்டநடுவுல வருதுங்களே?" என்றார்.

"ஆமாங்க. நடுவுலதான்."

"ஆகாதுங்களே."

"ஏனுங்க ஆகாது?"

"நட்டநடு கோயலுக்குத்தானுங்க. குடியிருக்கற ஊட்டுக்கு ஒரு வெரக்கடையாச்சும் தள்ளோணும். நம்ம பக்கம் ஆரும் நடுவுல வெக்கறதில்லீங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒரு வெரல் தள்ளுனா ஆரு கண்ணுக்குங்க தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாட்டிப் போகுதுங்க. ஊட்டுக்குத் தெரியுமுங்க."

நான் அந்த நடுவைப் பிடிக்கப் பட்ட பாடு இந்த மனுஷனுக்குத் தெரியுமா? அண்ணனைப் பார்த்தேன். "பெரியவங்க சொல்றாங்க, கேட்டுக்குவோமே" என்று நழுவினான். அண்ணி, "தூணெல்லாம் அழகா இருக்குது" என்று பேச்சை மாற்றினாள். அப்பா படத்தின் மூலைக் கிண்ணத்தை நகர்த்திச் சரியாக வைத்தார்.

விடுவிடுவென்று உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தேன். நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் முன்சுவரை அளந்தேன். வாசற்படியை அளந்தேன். ஒரு விரல் அளவுக்கு வாசல் வடக்கே தள்ளியிருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் போய் வந்துகொண்டிருக்கிறேன், கோலம் போட்டிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

அப்பா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "அதுல என்ன சாமி அளக்கறே? அது தள்ளித்தான் இருக்கும்."

"இத ஏனுங்ப்பா எனக்கு முன்னாலயே சொல்லல?"

"இதயெல்லாம் ஆராச்சும் சொல்லுவாங்களா? உனக்குத் தெரியாதுங்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

டேப்பை வீசி எறியலாம் போல இருந்தது. இயந்திரமும் இதைத்தான் செய்தது, இவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்களாம். என்ன கேட்கவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். "சரிங்ப்பா, தள்ளியே வெச்சுத் தர்றேன். என்ற படத்துலதான் கட்டுவீங்களா, அதச் சொல்லுங்க" என்றேன்.

"பாக்கலாம்" என்றார் அப்பா.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சோற்றை ராசிபுரம் தாண்டித்தான் பிரித்தேன், அதுவும் பசி தாங்காமல்.

திங்கட்கிழமை மறுபடியும் அந்த டப்பாவின் முன்னால். ஒரு விரற்கடை தள்ளவேண்டும். விரற்கடை என்றால் எவ்வளவு? யார் விரல்? என் விரலை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். மேஸ்திரியின் விரல் என் விரலைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். இஞ்சினியரைக் கேட்டால், "முக்கால் அங்குலம்னு போட்டுத் தொலை" என்றார். சரி, எதிலிருந்து முக்கால் அங்குலம்? நடுவிலிருந்துதான். நடு தெரியாமல் விலகவும் முடியாது. தலைவிதியே என்று மறுபடி கோடு, 'மிட்', குட்டிச் சதுரம். நடுவில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்துவிட்டு வாசலை நகர்த்தினேன். வாசலோடு ஒட்டிக்கொண்டு படியும் ஒரு ஜன்னலும் சேர்ந்து நகர்ந்தன. அவற்றைத் திருப்பி இழுத்தேன். தூண்களை வாசலோடு நகர்த்தவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அவை சுவரின் நடுவைப் பார்த்தே நிற்கட்டும். வாசல் மட்டும் அவர்கள் இஷ்டத்துக்குத் தள்ளிக்கொள்ளட்டும். அப்போதுதான் முகப்பு கெடாது. மேஸ்திரி மனக்கணக்கில் கட்டினால் தூணும் வாசலோடு சேர்ந்து போய்விடும், போர்டிகோ கோணிக்கொண்டு நிற்கும்.

படம் தயாரானபோது பிளாட்டரின் பேனா காய்ந்துபோயிருந்தது. புதுப் பேனா மெட்ராஸிலிருந்து வரவேண்டுமாம். அந்த நேரம் பார்த்து, தீவனம் வாங்கச் சேலம் வந்த அண்ணன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"வர்ற வெள்ளிக்கெழம காத்தால ஊட்டுக்கு மொளைக்குச்சி அடிக்கறோம். லீவு கெடச்சா வா."

"கெடச்சா வாவா? அப்ப படம்?"

"மேஸ்திரிக்கு எல்லாம் மனசுலயே இருக்குதாமா."

அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "படத்த நானே எடுத்துட்டு வாரேன். நான் வந்து நடுவக் காட்டாம மொளை அடிக்க வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லு. சொல்லுவியா?" என்றேன். "சொல்றேன், சொல்றேன்" என்று மூட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னான். அவன் சொல்லுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை மத்தியானம்தான் பேனா வந்தது. வெள்ளிக்கிழமை விடியவே ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிவிட்டேன். என் நேரம், ஆண்டகளூர் கேட் பக்கத்தில் பஸ்ஸின் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது, ஆனால் அதிலும் காற்றில்லை. கண்டக்டர் பீடி பற்றவைத்துக்கொண்டு, "பின்னால வண்டி வருமுங்க" என்றார். பின்னால் வந்த வண்டியெல்லாம் படியில் தொங்கலோடு நிற்காமல் போயின. கடைசியில் ஒன்று நின்றது. சுருளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாமக்கல் வரை ஒற்றைக்காலில் போனேன். டவுன் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் ஏறியபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. நல்ல நேரம் முடிந்திருக்கும். முளை அடித்து, பால் ஊற்றி, பொரிகடலை தின்றுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை, டயரை, அண்ணனை, மேஸ்திரியை, அந்தக் கம்ப்யூட்டரை, அப்பாவின் 'பாக்கலாமை', எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தேன்.

இறங்கி ஓடினேன். இடத்தில் கூட்டம் அப்படியே நின்றது. உறவுக்காரர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்கள். தேங்காய் உடைத்தாகியிருந்தது. மஞ்சள் பூசிய முளைக்குச்சிகள் மட்டும் தாம்பாளத்திலேயே கிடந்தன. எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் முளை வாசல் வருகிற இடத்தில் அடிக்கவேண்டும். அது அடிக்கப்படவில்லை.

"ஏஞ் சாமி, இதான் வர்ற நேரமா?" என்று அப்பா சத்தம் போட்டார்.

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நேரம் போகுது, அடிச்சரலாமுங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேனுங்க. புள்ள வந்து நடுவக் காட்டாம ஒரு குச்சியும் எறங்கக்கூடாதுன்னு உங்க அப்பாரு ஒரே புடியா நிக்கறாருங்க."

நல்ல நேரம் பார்க்காமல் வெண்டை விதைகூடப் போடாத மனுஷன் அவர். அப்பா கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ராகுகாலம் பொறக்க இன்னுங் கொஞ்ச நேரந்தான் இருக்குது. நின்னுட்டே இருந்தா? நடு எது, காட்டு."

படத்தை மண்ணில் விரித்தேன். மேஸ்திரி முன்சுவருக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு நடந்து, திரும்பி வந்து, நடுவில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டேன். மேஸ்திரி உட்கார்ந்து தன் விரலை அந்தக் குறிக்குப் பக்கத்தில் படுக்கவைத்து வடக்கே தள்ளினார். எழுந்திருக்காமலேயே என்னைப் பார்த்து, "தூணு?" என்றார்.

"தூணுக்கு இந்த நடுதானுங்க. வாசலோட நகத்தக்கூடாதுங்க."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன எதுக்கு மேஸ்திரி பாக்கறே? படத்தப் பாரு" என்றார் அப்பா. முளை இறங்கியது. நான் படத்தைச் சுருட்டப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "அதைச் சுருட்டாத. மேஸ்திரிகிட்டக் குடு. ஊடு முடியற மட்டும் அது அவரு கையிலயே இருக்கட்டும்."

நான் அவ்வளவு பேர் நடுவில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். அன்றைக்கு அந்தக் கட்டிலோரத்தில் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் இந்த மனுஷனுக்கு! கேட்டேவிட்டேன். "அப்பறம் ஏனுங்ப்பா அன்னிக்குப் பாக்கலாம், பாக்கலாம்னீங்க?"

"பாத்தனல்ல?" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உறவுக்காரர்களைச் சாப்பிடக் கூட்டிப்போனார்.